ஒற்றை வால்

வெள்ளைப் பீங்கான் தட்டில் இரண்டு விரற்கடை நீர். அதில் எது நன்றாக நீந்துகிறதோ அதுதான் கழிக்கப்பட வேண்டியது. தங்கமீன் குஞ்சு வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி எனக்குள் கொஞ்ச காலமாகச் செரிக்காமல் கிடக்கிறது. ஒராண்டா என்ற தங்கமீன் வகையின் குஞ்சுகள் பொரித்துப் பன்னிரண்டு, பதினைந்து நாளில் வால் வடிவம் பிடிக்கத் தொடங்கும். வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி பழுப்புக் கீற்றுகள்தான். பூதக்கண்ணாடியை வைத்து மேலிருந்து பார்த்தால் சிலவற்றின் வால் நடுவில் பிளந்து இரண்டு மடலாக விலகியிருப்பது தெரியும். சிலவற்றுக்குப் பிளக்காமல் ஒற்றைக் கோடாகவே நிற்கும். பிளந்தது இருக்கும், பிளக்காதது போகும். ஒற்றை வாலுக்குத் தட்டின் விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போக ஒரு சொடுக்கு போதும். கரண்டியின் நிழல் விழுந்ததுமே அது அங்கே இருக்காது. இரட்டை வாலோ நிழல் வந்ததையே கவனிக்காமல் பின்பக்கத்தை அசைத்து அசைத்து நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, விலகத் தெரிந்ததைத் துரத்திப் பிடித்துக் கழிக்கிறேன், விலகத் தெரியாததைப் பத்திரப்படுத்துகிறேன். துரத்துவதில் ஒரு விளையாட்டுச் சுவாரசியம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல்மடல் ஒட்டி மூன்று முனையாக நிற்கும் வால், அடிப்பக்கத்துத் துடுப்பு இணையாக இல்லாமல் ஒன்றாகவே வந்தது, முதுகுத்தண்டு லேசாக வளைந்தது என்று இடைப்பட்டவையும் உண்டு. அவற்றில் கை தயங்கும். ஒற்றை வாலில் தயங்குவதில்லை. தயங்காத இடம்தான் எனக்கு இப்போது உறுத்துகிறது.

இத்தனைக்கும் அந்தக் குஞ்சுகள் தட்டுக்கு வந்து சேரும்வரை அவற்றுக்கு நடந்த பணிவிடை கொஞ்சநஞ்சம் அல்ல. கார்த்திகை மழை ஓய்ந்து மொட்டைமாடி நீர் குளிரத் தொடங்கும்போதுதான் சென்னையில் தங்கமீனுக்குப் பருவம். ஆண் மீனின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் முள்ளிலும் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக முளைக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் வெண்புள்ளி நோய் என்று பயந்து மருந்தை ஊற்றிவிடுவார்கள். பெண்ணின் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். மார்கழி விடியலில், கோயில் ஒலிபெருக்கி தொடங்குகிற நேரத்தில், தொட்டியில் நீர் தெறிக்கும் சத்தம் கேட்கும். இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணை மூலை மூலையாக முட்டித் தள்ளிக்கொண்டு போகும். ஆகாயத்தாமரை வேரோ பிரித்துக் கட்டிய பிளாஸ்டிக் சாக்கு நாரோ போட்டு வைத்திருந்தால் முட்டைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். நாரைத் தூக்கிப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட, தேன் நிறம் கலந்த தெளிந்த உருண்டைகள், நூற்றுக்கணக்கில். உடனே வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். முட்டையிட்ட களைப்பு தீருவதற்குள் பெற்றவளே திரும்பி வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னத் தொடங்கிவிடுவாள். ஆண்கள் அந்த அளவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. மாற்றிய தொட்டியில் பூஞ்சை வராமலிருக்க மெத்திலீன் புளூ நாலு சொட்டு. விரலில் பட்ட நீலம் இரண்டு நாளைக்குப் போகாது, அலுவலகத்தில் கேட்பார்கள். கருக்கூடாதவை பால்வெள்ளையாக மாறும், கூடியவற்றில் இரண்டாம் நாள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை கண்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பொரித்து, தொட்டிச் சுவரில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு தொங்கும்போது கண்ணிமை மயிர் ஒன்றுக்குக் கண் முளைத்ததுபோல் இருக்கும், அதற்கு மேல் உடம்பு என்று எதுவும் இல்லை. மஞ்சள்கரு தீர்ந்து நீந்தத் தொடங்கியதும் ஆர்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால்தான் தீனி. கல்லுப்புத் தண்ணீரில் முட்டைத்தூளைக் கொட்டிக் காற்றைக் குமிழ விட்டு ஒரு நாள், குளிர் அதிகமென்றால் ஒன்றரை நாள் வைத்து, ஓட்டைப் பிரித்து வடிகட்டி, நல்ல நீரில் அலசி ஊற்ற வேண்டும். தின்ற அரைமணி நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் ஆரஞ்சாகத் தெரியும். அந்த ஆரஞ்சுப் புள்ளிகளைப் பார்க்கிற மகிழ்ச்சியை வேறெதோடும் ஒப்பிடத் தெரியவில்லை. நடுராத்திரி மின்சாரம் போனால் பேட்டரி பம்பைத் தேடிக்கொண்டு இருட்டில் மாடிப்படி ஏறியிருக்கிறேன், வீட்டில் சிரிப்பார்கள். அப்படி ஊட்டி வளர்த்த வயிற்றோடுதான் அவை தட்டுக்கு வருகின்றன. ஆரஞ்சு வயிறு ஒற்றை வாலுக்கும் உண்டு, சொல்லப்போனால் அதற்குத்தான் பெரிது. விரட்டிப் பிடித்து நிறையத் தின்றது அதுதானே.

1596இல் சீனாவில் ஜாங் சியன்டே என்பவர் சிவப்பு மீன் வளர்ப்பதைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். தங்கமீனுக்கென்றே எழுதப்பட்ட நூல்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் முதலாவது என்று அதைச் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. முந்தைய ஆண்டுதான் சாடியில் பூ வைக்கும் கலை பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அவர் தரும் யோசனை எளிமையானது. கோடையில் ஆயிரக்கணக்கில் மீன் வாங்கு, பல பாத்திரங்களில் பிரித்து விடு, நல்லதாக இல்லாததை அன்றாடம் எடுத்துக்கொண்டே வா, நூற்றுக்கு ஒன்றிரண்டு மிஞ்சட்டும், மிஞ்சியதை இரண்டு மூன்று பாத்திரங்களில் ஒன்றாக வைத்துக் கருத்தாய்ப் பேணு, அபூர்வமான வகைகள் தாமாகவே அமையும். நானூறு வருடத்துக்கு மேலாகியும் இதில் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. ரான்சு என்ற தங்கமீன் வகையை வளர்க்கும் ஜப்பானியரும், சென்னை கொளத்தூரில் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்திருப்பவர்களும், நானும் செய்வது இதைத்தான். அந்த இளைஞரின் தொனியில் உறுத்தல் எதுவும் இல்லை. வாடிய பூவைச் சாடியிலிருந்து எடுக்கிற அதே விரல்கள் என்று எனக்குத் தோன்றுவது அவருடைய முந்தைய நூலைப் பற்றித் தெரிந்ததால் இருக்கலாம். ஆனால் வாடிய பூ முதலில் பூத்தது. ஒற்றை வால் எங்கும் வாடவில்லை. நூற்றில் ஒன்றிரண்டு நின்றால் தொண்ணூற்றெட்டு எங்கே போயின என்பதற்கும் அந்த யோசனையில் இடமில்லை. எந்த மீன் நூலிலும் அந்தப் பகுதி வேகமாகத்தான் கடந்துபோகும். நானும் இந்தக் கட்டுரையில் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருவது எனக்குத் தெரிகிறது.

அவர் காலத்தில் மீன் பீங்கான் பாத்திரத்தில் இருந்தது. குளத்திலிருந்து பாத்திரத்துக்கு வந்ததுதான் தங்கமீனின் சரித்திரத்தில் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். சோங் அரச காலத்துக் குளங்களில் மீன் நிறத்தால் மட்டுமே வேறுபட்டது. கலங்கல் நீரில் சிவப்பு தெரியும், வால் எத்தனை மடல் என்பது தெரியாது. பாத்திரம் வந்ததும் மீன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது, பார்ப்பவர் அதற்கு நேர் மேலே நின்றார். இன்று நாம் அழகென்று சொல்லும் பாதி விஷயங்கள் மேலிருந்து பார்த்தவர்களின் அழகுகள். விசிறியாக விரியும் இரட்டை வால், முதுகுத் துடுப்பே இல்லாத வழவழப்பான முதுகு, வானத்தை நோக்கித் திரும்பிய கண்கள், எல்லாமே மேலே ஒருவர் குனிந்து நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால்தான் புரியும். ஜப்பானில் நாரா பகுதியிலுள்ள யமாட்டோகோரியாமா இன்றைக்கும் தங்கமீன் ஊர். 1724இல் யானகிசாவா குலத்து நிலப்பிரபு கோஃபுவிலிருந்து அங்கே மாற்றலாகி வந்தபோது மீன்களும் கூடவே வந்ததாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் வருமானம் போதாத சாமுராய்கள் கத்தியை ஓரம் வைத்துவிட்டு இதையே உபதொழிலாகச் செய்தார்கள். ஜப்பானில் ரான்சுவை இன்றும் ஆழமில்லாத தொட்டியில் விட்டு மேலிருந்துதான் மதிப்பிடுகிறார்கள். மேற்கே 1850களில் தட்டைக் கண்ணாடிச் சுவர் வைத்த தொட்டிகள் பரவின. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் மீன் மாளிகை திறந்தார்கள். பார்ப்பவர் தரைமட்டத்துக்கு இறங்கி வந்து மீனைப் பக்கவாட்டில் பார்க்கத் தொடங்கினார். அங்கே உயர்ந்த முதுகுத் துடுப்பும் தொங்கும் வாலும் அழகாயின. ஒரே மீனுக்கு இப்படி இரண்டு தேர்வறைகள்.

இது ஏதோ பழைய கதை அல்ல. கொளத்தூரில் கடைகள் நெருக்கும் தெருவுக்குப் பின்னால், ரெட்டேரிப் பக்கம், எனக்குப் பழக்கமான வளர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். குஞ்சு பொறுக்கும்போது சிமெண்டுத் தொட்டி விளிம்பில் குந்தி மேலிருந்து பார்ப்பார். கடைக்கு அனுப்பும்போது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பக்கத்திலிருந்து மறுபடி பார்ப்பார். "மேல இருந்து பாத்தா ராஜா மாதிரி இருக்கும் சார், கண்ணாடில வுட்டா கழுத்தே இருக்காது. கஸ்டமர் கண்ணாடிலதான பாக்குறாரு" என்றார். அவருடைய இரண்டு பார்வைக்கும் இடையில் எத்தனை மீன் விழுகிறது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டிலும் இதே கூத்துதான். மாடியில் பாதியாக அறுத்த நீலப் பீப்பாயில் நெஞ்சை நிறைத்துக்கொண்டு திரிந்த ஒரு ஒராண்டாவைக் கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்கு இறக்கியதும் ஒடுங்கிப்போனதாகத் தெரிந்தது. மீன் மாறவில்லை, ஒரு மாடிப்படி இறங்கியிருந்தது. அன்றைக்கு என் மனதில் முதலில் வந்தது இரக்கம் அல்ல, சந்தேகம். பூதக்கண்ணாடி வைத்து நான் உறுதியாகச் செய்த எல்லாத் தேர்வுகளும், நான் எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பொறுத்தவைதானா? அப்படியானால் ஒற்றை வால் குறை என்பது மீனைப் பற்றிய தகவலா, என் முக்காலியைப் பற்றிய தகவலா?

இந்த இடத்தில் எழுத்தாளர்களுக்கு ஒரு சபலம் வரும். ஒற்றை வால்தான் அசல், காட்டின் நினைவு, மனிதக் கைக்கு அடங்காத சுதந்திரத்தின் வாரிசு என்று ஆரம்பித்துவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தக் குஞ்சின் உடம்பும் குட்டையாக்கப்பட்டதுதான். வளர்ந்தால் அதன் தலையிலும் சதைக் குல்லாய் முளைக்கலாம். அது சீனத்து ஆறுகளின் பழுப்புக் கெண்டை அல்ல, அரைகுறையாய் நின்றுபோன ஒராண்டா. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரட்டை வாலுக்குக் காரணம் கார்டின் என்ற மரபணுவில் நேர்ந்த ஒரு பழுது என்று 2014இல் தைவானிலுள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். கரு உருவாகும்போது முதுகுப்பக்கம் எது, வயிற்றுப்பக்கம் எது என்று தீர்மானிப்பதில் பங்குள்ள மரபணு அது. பல உயிர்களில் அது பழுதானால் கரு பிழைப்பதே அரிது. தங்கமீனின் முன்னோர்களிடம் என்றோ மரபுத்தொகுதி முழுவதுமே இரட்டிப்பானதால் இதற்கு அந்த மரபணுவில் இரண்டு பிரதிகள். ஒன்று கெட்டும் மற்றது தாங்கிக்கொண்டது. கெட்டதன் விளைவாகத்தான் வாலின் எலும்பே இரண்டாகப் பிரிந்தது. ஆக, குறை என்று நான் எடுத்துப் போடுவதில் பழுதின் விளைவு வெளியே தெரியவில்லை, நிறை என்று வைத்துக்கொள்வதில் நன்றாகத் தெரிகிறது. இதனால் இரட்டை வாலை வளர்ப்பதே பாவம் என்று ஆகிவிடுமா? அப்படிச் சொல்பவர்களிடமும் எனக்குப் பொறுமை இல்லை. நல்ல ஒராண்டா நல்ல நீரில் வருடக்கணக்கில் வாழும், கையைக் கண்டால் மேலே வரும், விரலைச் சப்பும். ஆனால் கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் குமிழ்க்கண் வகையை நான் வாங்குவதில்லை. உரசினால் பை கிழியும். உடம்பு உருண்டையாகிக் காற்றுப்பை இடம் மாறி வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கும் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கவும் என்னால் முடியாது. அதே நேரத்தில் கண்ணை மூடும் அளவுக்குக் குல்லாய் வளர்ந்த ஒராண்டாவை ஆசையோடு பார்ப்பேன். கோடு எங்கே என்று யாராவது கேட்டால், எனக்குப் பிடித்த மீனுக்குச் சற்று அப்பால் என்பதுதான் நேர்மையான பதிலாக இருக்கும்.

தொண்ணூற்றெட்டு எங்கே போகின்றன என்பதற்கு வருகிறேன். கடைத்தெருவில் அவை தீனி. அரோவானா என்ற பெரிய இரைதின்னி மீனை வளர்ப்பவர்கள் பையில் கட்டி வாங்கிப் போவார்கள். என் வீட்டில், இன்னும் விரலளவு வராதவற்றைப் பெரிய மீன்களின் தொட்டியில் ஊற்றிவிடுவது வழக்கம். அதில் பெற்றவளும் இருப்பாள். ஊற்றியதும் வட்டமாக வாய் திறந்து நீரை உறிஞ்சுவாள், குஞ்சும் கூடவே போகும். மார்கழி விடியலில் அவள் வாயிலிருந்து காப்பாற்றியதைத் தையில் அவள் வாயிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். ஏரியில் விட்டால் என்ன என்று நல்ல மனம் படைத்தவர்கள் கேட்பார்கள். விடக் கூடாது. 2021இல் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம், வீட்டு மீனை ஏரியில் விடாதீர்கள், நினைப்பதைவிடப் பெரிதாக வளர்ந்து அடிச்சேற்றைக் கிளறி நீரைப் பாழாக்குகின்றன என்று மக்களிடம் கெஞ்ச வேண்டி வந்தது. அப்படி ஏரிகளில் நிலைத்துப் பெருகுபவை பெரும்பாலும் ஒற்றை வால்கள். தலைமுறைகள் போகப்போக ஆலிவ் பழுப்பு திரும்ப மேலோங்கும், பளிச்சென்று தெரிவதைப் பறவைகள் முதலில் எடுத்துவிடும். அங்கேயும் ஒரு தேர்வு நடக்கிறது, என்னுடையதற்கு நேர் எதிராக. அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் வந்து உட்காரும் மீன்கொத்தி நிறம் மாறிய குஞ்சாகப் பார்த்துத்தான் எடுக்கிறது, பழுப்பு மாறாததை விட்டுவிடுகிறது. தங்கமீன் குஞ்சுகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதம் பழுப்புதான். ஆரஞ்சாக மாறும் பருவத்தில்தான் நான் அதை ஆசையோடு எண்ணத் தொடங்குகிறேன், அதே பருவத்தில்தான் மீன்கொத்திக்கும் அது கண்ணில் படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவர் ரசனையும் ஒன்று. வலை போட்ட பிறகு அது வருவது குறைந்தது.

ஆக ஒரே தொட்டிக்கு மூன்று தேர்வாளர்கள். பெற்றவள் பார்ப்பதே இல்லை, வாய்க்கு அடங்கினால் எடுக்கிறாள். அவள் முன்னால் ஒற்றை வாலும் இரட்டை வாலும் சமம். மீன்கொத்தி தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறது. நான் ஒருவன்தான் எப்படி இருக்க வேண்டியது என்று பார்க்கிறேன், அதாவது இல்லாத ஒரு மீனை மனதில் வைத்துக்கொண்டு இருக்கிற மீனைப் பார்க்கிறேன். சாவு மூவரிடமும் ஒன்றுதான். நான் கழிக்காவிட்டாலும் தொட்டிக்கு இடம் போதாது. அம்மோனியா ஏறினால் ஒரே ராத்திரியில் எல்லாம் மேலே மிதக்கும், அதையும் பார்த்தாயிற்று. எனவே கொல்வதைப் பற்றி எனக்குப் புதிதாகத் துயரப்பட ஒன்றுமில்லை, நான் மீன் குழம்பு சாப்பிடுகிறவன். உறுத்துவது அந்தப் பார்வை. அது தட்டோடு நிற்பதில்லை. ஒரு ஞாயிறு முழுக்கக் குஞ்சு பொறுக்கிவிட்டு மறுநாள் மின்சார ரயிலில் நின்றால் கண் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். எதிர் இருக்கைக்காரரின் தோள் ஒரு பக்கம் சரிவு. வாசலில் நிற்கும் பையனின் நடை நேர். இவன் இருக்கலாம், அவர் போகலாம். அரை நொடிதான், உடனே கலைந்துவிடும். கலைந்த பிறகும், அது என் கண்ணில் புதிதாகக் குடியேறியதா, ஏற்கெனவே அங்கே இருந்ததைத்தான் மீன் வந்து கூர் தீட்டியதா என்று சொல்ல முடியவில்லை. பெண் பார்க்கப் போகும் கூட்டத்தில் சொஜ்ஜி தின்றுகொண்டே பெரியவர்கள் பேசும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இரண்டாவதுதான் சரி என்று படும்.

இந்தப் பருவத்தில் ஒற்றை வால்களைப் பெற்றவளிடம் கொண்டுபோகாமல் ஒரு தனி டப்பில் விட்டு வைத்தேன். கொள்கை என்று எதுவும் இல்லை, கை போகவில்லை, அவ்வளவுதான். அவற்றுக்கும் அதே ஆர்டீமியா, பிறகு அதே மொய்னா என்ற நீர்த்தெள்ளு, அதே நீர் மாற்றம். டப்பு இன்னொன்று, பம்பு இன்னொன்று, வீட்டில் முணுமுணுப்பு இன்னும் கொஞ்சம். அங்கேயும் அமைதி நிலவவில்லை. பெரியது சின்னதை விரட்டியது, எண்ணிக்கை யார் கையும் படாமலே குறைந்தது. மிஞ்சியவை கோடை வருவதற்குள் இரட்டை வால்களைவிட நன்றாகவே நீண்டு தடித்துவிட்டன, பாதிக்கு மேல் இன்னும் பழுப்பு. இப்போது இடம் உண்மையிலேயே இல்லை. கொளத்தூர்க்காரரை வரவழைத்துக் காட்டினேன். குனிந்து மேலிருந்து பார்த்தார், ஒன்றைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்துத் தூக்கிப் பிடித்துப் பக்கத்திலிருந்தும் பார்த்தார். "நல்லா கல்லு மாதிரி இருக்கு சார், ஒரு நோய் நொடி இல்ல. ஆனா வெக்கிறதுக்கு எவன் வாங்குவான்?" என்றவர், குடுவையைத் திரும்ப டப்பில் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடியே குடுத்திருந்தீங்கனா தீனிக்காச்சும் போயிருக்கும். இப்ப பெருசாயிடுச்சு."